மீனுக்கு ஏலம்! பயிருக்கு ஓலம்!

திருவண்ணாமலை மாவட்ட ஏரிப் பாசன விவசாயிகளே! ஆயக்கட்டுதாரர்களே! ஆடு மாடு வச்சிப் பிழைக்கும் தாய்மார்களே! ஏரிக்கரை ஓரம் வாழும் உழைப்பாளி மக்களே!

ஏரி யாருக்கு? இந்தக் கேள்வியை நம்ம தாத்தாவிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஏரி பயிருக்கு, மாட்டுக்கு, கெணத்து ஊத்துக்கு. அப்புறம்தான் மீனுக்கு. இன்றைக்கு அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றி விட்டார்கள். முதலில் மீன் குத்தகைதாரர். அவருக்கு மிச்சம் இருந்தால் மாட்டுக்கு. அதற்கும் மிச்சம் இருந்தால் பயிருக்கு. மிச்சம் இருப்பதில்லை என்பதால்தான் இந்தத் துண்டறிக்கை.

நம்ம மாவட்டத்தில் காவிரி ஓடவில்லை. தென்பெண்ணையும் செய்யாறும் மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். நம்மைக் காப்பாற்றுவது ஏரிகள்தான். பொதுப்பணித்துறை ஏரிகள் மட்டும் கிட்டத்தட்ட 700. (2021 முதல் நீர்வளத்துறை என்று பெயர் மாற்றி விட்டார்கள், போர்டு மாறியது, மதகு மாறவில்லை.) நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஒன்றிய ஏரிகள் அதைவிட அதிகம். பல்லவன் வெட்டிய தூசி மாமண்டூர் ஏரியிலிருந்து ஊர் ஓரத்துச் சித்தேரி வரைக்கும் எல்லாம் சேர்ந்துதான் இந்த மாவட்டத்துக்குச் சோறு போடுகிறது.

இந்த ஏரிகளில் என்ன நடக்கிறது? ஒரு வருஷக் கதையைச் சொல்கிறோம். இது நம்ம ஊர்க் கதை. ஆனால் படிக்கிற பத்து ஊர்க்காரரில் எட்டுப் பேர் "எங்க ஊரிலும் இதேதாங்க" என்று சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும்.

கார்த்திகையில் ஏரி ரொம்புகிறது. கோடி போகிறது. ஊரே சந்தோஷப்படுகிறது. குத்தகைதாரருக்கு மட்டும் கவலை, கோடி வழியாக மீன் போய்விடுமே என்று. உடனே கலங்கல் மேல் மூங்கில் நட்டு வலை கட்டுகிறார். பத்தாததற்கு மணல் மூட்டை அடுக்குகிறார். வெள்ளத்தில் வரும் ஆகாயத்தாமரை, வேலிக்காத்தான் முள், செத்தை எல்லாம் அந்த வலையில் வந்து அடைகிறது. தண்ணி போக வழியில்லாமல் கரை மேல் ஏறுகிறது. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் அடித்த இரண்டு நாளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சாத்தனூர் அணையில் இருந்தே விடியற்காலையில் 1,68,000 கன அடி திறந்து விட்டார்கள். விழுப்புரமும் கடலூரும் மிதந்தன. அப்படிப்பட்ட மழையில் கலங்கலில் வலை கட்டி வைத்திருந்தால் கரை என்னாகும்? கரை உடைந்தால் யார் வீட்டுக்குள் தண்ணி போகும்? குத்தகைதாரர் வீட்டுக்குள்ளா? அவர் வீடு ஏரிக்குக் கீழே இல்லை!

அடுத்து தை, மாசி. நவரை நட்டாச்சு. பயிருக்குத் தண்ணி வேணும். மதகைத் திறக்கப் போனால் மதகு வாயில் சாக்கு. ராத்திரியோடு ராத்திரியாகக் களிமண் சாக்கு வைத்து அடைத்திருக்கிறார்கள். நீர்க்கட்டி இறங்கி எடுத்தால் "யாரைக் கேட்டுக் கை வைச்ச?" என்று மிரட்டல். "குஞ்சு இப்பதான் வளருது, தண்ணி இறங்குனா கொக்கு தின்னுடும்" என்று நியாயம் வேறு. கொக்குக்குப் பயந்து பயிரைக் காய விடச் சொல்கிறார்கள்!

அதற்கப்புறம் பங்குனி பிறந்ததும் பாருங்கள் கூத்தை. குத்தகைக் கணக்கு பசலிக் கணக்கு. பசலி ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. அதற்குள் மீனை எல்லாம் அள்ளியாக வேண்டும். ஆழத் தண்ணியில் வலை போட்டால் செலவு அதிகம்; தண்ணியை வடித்து விட்டால் சேத்தில் துள்ளும் மீனைக் கூடையில் அள்ளலாம். அதனால் இரண்டு மாசம் சாக்கு வைத்து அடைத்த அதே மதகை இப்போது ஒரே ராத்திரியில் முழுசாகத் தூக்கி விடுகிறார்கள். கதிர் பால் பிடிக்கிற நேரம். பாய்ச்சலும் காய்ச்சலுமாக நிற்க வேண்டிய கழனியில் முழங்கால் அளவு வெள்ளம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஏரியில் சொட்டுத் தண்ணி கிடையாது, கழனி பாளம் பாளமாக வெடிக்கிறது. மதகுக்குக் கீழே தங்கிய கடைசித் தண்ணியையும் ஆயில் இஞ்சின் வைத்து இறைத்துக் கொட்டுகிறார்கள். தண்ணி கேட்ட அன்னிக்கு அடைப்பு, வேணாங்கிற அன்னிக்குத் திறப்பு! இது பாசனமா, பழி வாங்குவதா?

அதோடு முடிந்ததா? ஏரியில் தண்ணி நின்றால்தான் சுத்து வட்டாரக் கெணத்தில் ஊறும். ஏரி வறண்ட பதினைந்தாம் நாள் கெணத்தில் மோட்டார் காத்து வாங்கும். மல்லாட்டை போட்டவன், கரும்பு வைத்தவன், கறவை மாடு நாலு வைத்துப் பால் ஊத்துகிறவன், எல்லாருக்கும் அடி. சித்திரை வெயிலில் மாட்டை ஓட்டிக்கொண்டு எங்கே போவது? போர் போடக் கடன் வாங்கி, ஆயிரம் அடி போட்டும் புகை வந்தவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்று ஒவ்வொரு ஊரிலும் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். விரல் போதாது.

விவசாயிகளே! நாம் மீனுக்கு விரோதி இல்லை. மீன் பிடிக்கிற ஏழைக்கும் விரோதி இல்லை. மழை ஊத்தும்போது ஏத்து மீன் பிடிக்க ஊத்தாவும் பறியும் எடுத்துக்கொண்டு ஓடாத பையன் நம்ம ஊரில் எவன்? கெண்டை, கெளுத்தி, விரால், கொறவை, ஆரால், உளுவை, அயிரை என்று பேர் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்ட நாக்குதான் நம்ம நாக்கு. அந்த மீன் எங்கே போச்சு? கடைசியாக ஏரி அயிரைக் குழம்பு சாப்பிட்டது எப்போது என்று வீட்டில் பாட்டியைக் கேளுங்கள்.

மீனைப் பராமரிக்கத் தெரியாத அரசாங்கமா இது? இல்லை. நன்றாகவே தெரியும். யாருக்காகப் பராமரிப்பது என்பதில்தான் சூட்சுமம். ஊட்டிக் கதையைக் கேளுங்கள்.

நீலகிரிக்குப் போன வெள்ளைக்கார துரைமார்களுக்கு ஒரு ஆசை. சொந்த ஊர் ஓடையில் தூண்டில் போட்டுப் பிடித்த டிரவுட் மீனை இங்கேயும் பிடிக்கணும். குளிர்ந்த, ஓடுகிற தண்ணியில் மட்டும் வாழ்கிற மீன் அது. 1860-களில் டாக்டர் பிரான்சிஸ் டே என்பவர் கொண்டு வந்து விட முயன்றார், சரிப்படவில்லை. விட்டார்களா? இல்லை. 1879-ல் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒரு தனிச் சட்டமே போட்டார்கள். இந்தக் காலத்தில் பிடிக்கக் கூடாது, லைசென்ஸ் இல்லாமல் பிடிக்கக் கூடாது என்று விதிமுறை வந்தது. 1907 வாக்கில் எச்.சி. வில்சன் என்ற நிபுணரை வைத்து, கடல் தாண்டி முட்டை வரவழைத்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் கட்டி, ஓடை ஓடையாகக் குஞ்சு விட்டார்கள். சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கென்று ஒரு அலுவலகம் சர் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் தொடங்கியதும் அதே 1907-ல்தான். நாலு துரை ஞாயிற்றுக்கிழமை பொழுதைப் போக்குவதற்கு இத்தனை ஏற்பாடு! சட்டம், நிபுணர், பொரிப்பகம், பிடி தடைக் காலம், காவல்!

அதே மாகாணத்தில், அதே காலத்தில், நம்ம வடாற்காடு ஏரி மீனுக்கு என்ன ஏற்பாடு? ஏலம். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அவ்வளவுதான். துரை போய் 1947-க்கு அப்புறம் எத்தனை வருஷம் ஆச்சு? ஏலச் சத்தம் மட்டும் மாறவில்லை.

வெளிநாட்டைப் பார்த்துக் கெட்டுப் போகாதே என்பார்கள். நல்லதைப் பார்க்கலாம் அல்லவா? அமெரிக்காவில் 1950-ல் ஒரு சட்டம் வந்தது. தூண்டில் கம்பு, ரீல் மாதிரி சாமான்கள் மேல் வசூலாகும் வரியைத் தனியாக எடுத்து, மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஏரியிலும் ஆத்திலும் மீன் வளர்க்கத்தான் செலவு செய்யணும் என்று சொன்னார்கள். மீனால் வரும் காசு மீனுக்கும் தண்ணிக்கும் திரும்பிப் போகணும் என்பது அதில் உள்ள நியாயம்.

இந்த நியாயம் அமெரிக்காக்காரன் கண்டுபிடித்ததா? நம்ம பாட்டன் கண்டுபிடித்தது! சோழர் காலக் கல்வெட்டில் "பாசிப்பாட்டம்" என்று ஒரு வார்த்தை வருகிறது. ஏரி மீன் குத்தகை வருமானம் அது. அந்தக் காசு ஏரியில் குழி தோண்டவும் கரை போடவும் போயிற்று. இங்கிருந்து வண்டி கட்டிப் போகும் தூரத்தில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளில் ஏரி வாரியம் பற்றி எழுதியிருக்கிறது. ஊரே ஆள் தேர்ந்தெடுத்து ஏரியைப் பார்த்துக் கொண்டது. இன்றைக்கும் ஆபீசில் "மீன் பாசி குத்தகை" என்றுதான் எழுதுகிறார்கள். பாசி என்ற வார்த்தை மட்டும் மிச்சம். பாட்டம் எங்கே போகிறது? ஏலத் தொகையில் ஒரு ரூபாயாவது நம்ம ஏரி மதகுக்கு வந்ததா? மதகுப் பலகை மக்கி எத்தனை வருஷம்? 2017-ல் குடிமராமத்து என்று பெயர் வைத்து ஒரு திட்டம் வந்தது. பெயர் நல்ல பெயர்தான். ஆனால் குடிமராமத்துக்குத் தனியாகக் கஜானாவைத் திறப்பானேன், ஏரி மீன் காசை ஏரிக்கே கொடுத்திருந்தால் வருஷா வருஷம் கரை பலப்பட்டிருக்காதா?

இப்போது ஏரியில் விடுகிற மீனுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடநாட்டு ஆத்து மீன்கள். இவை தேங்கின ஏரித் தண்ணியில் முட்டை போடாது. 1957-ல் கட்டாக்கில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி ஊசி போட்டு முட்டையிட வைத்தார். அதனால்தான் ஜூலை 10-ம் தேதியை மீன் வளர்ப்போர் தினம் என்று கொண்டாடுகிறார்கள். ஆக, இந்த மீன் வேணுமென்றால் வருஷா வருஷம் தரமான குஞ்சு வாங்கி விட்டாக வேண்டும். விரலளவு வளர்ந்த குஞ்சாக விட்டால் பிழைக்கும்; கொசுப் புழு மாதிரி இருக்கிறதை விட்டால் ஏரியில் உள்ள மீனுக்கே இரை. ஒரு வருஷத்துக்கு மட்டும் ஏலம் எடுத்தவர் நல்ல குஞ்சுக்குக் காசு போடுவாரா? அடுத்த வருஷம் ஏரி யார் கையிலோ. அவர் பார்ப்பது இருக்கிறதை வழிப்பது. கண்ணி சின்ன வலையைப் போட்டு, கட்டை விரல் நீளக் கெண்டை வரைக்கும் வாரிக்கொண்டு போவது.

இன்னொன்று ஜிலேபிக் கெண்டை. இது ஆப்பிரிக்கா மீன். 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டு வந்தார்கள். வாயில் முட்டையை அடைகாக்கிற சாதி. சின்ன வயசிலேயே முட்டை போடும், வருஷத்தில் பல தடவை போடும். ஏரி முழுக்கப் பெருத்து, இடம் பத்தாமல், ஒன்றும் வளராமல் உள்ளங்கை அளவிலேயே நிற்கும். இன்றைக்கு எந்த ஏரியில் வலை போட்டாலும் அதுதான் வருகிறது. இது ஏழை வீட்டுச் சாப்பாடாகி விட்டது, அதை வேணாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு மீனை ஏரியில் விட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

எல்லாவற்றையும் விடக் கொடுமை ஆப்பிரிக்கன் கெளுத்தி. நம்ம தேளி மாதிரியே இருக்கும், தேளி என்று சொல்லியே விற்பார்கள். கண்டதைத் தின்னும். மத்த மீன், தவளை, குஞ்சு எதையும் விடாது. நாத்தத் தண்ணியிலும் சாகாது, சேத்திலும் உயிரோடு கிடக்கும். 1997-லேயே மத்திய அரசு, இதை வளர்க்கக் கூடாது, இருக்கிறதை அழியுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட மீன். தடை காகிதத்தில்! கோழிக் கழிவையும் கறிக்கடைக் கழிவையும் மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து குட்டையில் கொட்டி இந்த மீனை வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மழை வந்தால் குட்டை உடைந்து ஏரிக்கு வரும், ஏரி கோடி போனால் அடுத்த ஏரிக்குப் போகும். நம்ம ஏரிகள் எல்லாம் சங்கிலி மாதிரி ஒன்றுக்கொன்று கால்வாயில் கோத்தவை. ஒரு ஏரியில் விட்டால் பத்து ஏரிக்கு விட்ட மாதிரி.

ஜப்பானில் 1925-ல் ஆஷி என்கிற ஏரியில் அமெரிக்காவிலிருந்து பாஸ் என்ற மீனைக் கொண்டு வந்து விட்டார்கள். தூண்டில் பிரியர்களுக்குப் பிடித்தமான மீன். கம்பை வளைத்து இழுக்கும், விளையாட்டுக் காட்டும். மெல்ல மெல்ல நாடு முழுக்கப் பரவி, அந்த ஊர்ச் சின்ன மீன்களைத் தின்று தீர்த்தது. 2005-ல் சட்டம் போட்டு, உயிரோடு வைத்திருக்கக் கூடாது, எங்கேயும் விடக் கூடாது என்றார்கள். அதற்குள் எண்பது வருஷம் ஓடிப் போச்சு. அவ்வளவு தூரம் ஏன், பக்கத்தில் காவிரியைப் பாருங்கள். ஆள் உயரம் வளரும் மகசீர் என்ற பெரிய கெண்டை, தூண்டில்காரர்களுக்காகவே உலகம் முழுக்கப் பேர் போனது. மீன் குறைகிறதே என்று நல்லெண்ணத்தோடு வேறொரு வகை மகசீர் குஞ்சைப் பொரிப்பகத்திலிருந்து கொண்டு வந்து வருஷக் கணக்கில் விட்டார்கள். விட்ட மீன் பெருகியது. காவிரிக்கே சொந்தமான திமில் மகசீர் ஒடுங்கிப் போய், 2018-ல் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று சர்வதேசப் பட்டியலில் ஏறியது. நல்லெண்ணத்தோடு விட்டதற்கே இந்தக் கதி. நம்ம ஏரியில் விடுகிறவருக்கு எண்ணம் என்ன என்பது நமக்கே தெரியும்.

சரி, மீனையும் பாசனத்தையும் சேர்த்து நடத்த முடியாதா? முடியும். கண் எதிரே இருக்கிறது சாத்தனூர். 1958-ல் கட்டி முடித்த அணை. 119 அடி, 7,321 மில்லியன் கன அடி. அங்கேயும் மீன் இருக்கிறது, மீன்வளர்ச்சிக் கழகம் பிடிக்கிறது, சுற்றுலா போகிறவர்கள் வறுத்த மீன் வாங்கித் தின்னாமல் திரும்புவதில்லை. மீனுக்காக என்று சொல்லி அணைத் தண்ணியைத் திறந்து விடுகிறார்களா? மீனுக்காகக் கால்வாயை அடைக்கிறார்களா? மாட்டார்கள். அங்கே பாசனத்துக்கு அரசாணை போட்டுத் தேதி குறித்துத் திறக்கிறார்கள், மீன் அதற்குத் தக்கபடி இருந்து கொள்கிறது. அணையில் தண்ணிக்கு மீன் வளைந்து கொடுக்கிறது; ஏரியில் மீனுக்குத் தண்ணி வளைந்து கொடுக்க வேண்டுமாம்! அணைக்கு ஒரு நியாயம், ஏரிக்கு ஒரு நியாயமா?

கடலைப் பாருங்கள். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், நம்ம கிழக்குக் கடலில் விசைப்படகு போகக் கூடாது. மீன் பெருகட்டும் என்று தடை. தொழில் இழந்தவர்களுக்கு நிவாரணமும் தருகிறார்கள். ஏரிக்கு உண்டா அப்படி ஒரு தடைக் காலம்? முதல் வெள்ளம் வந்ததும் நம்ம நாட்டு மீன் எதிர்த்து ஏறிப் போய்க் கால்வாயிலும் கழனியிலும் முட்டை போடும். அந்த நேரத்தில் கால்வாயை மறித்து வலை கட்டினால் இனம் எங்கே மிஞ்சும்?

"குத்தகையில் பஞ்சாயத்துக்கு வருமானம் வருதே, அதைக் கெடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கணக்குப் போடுவோமா? ஏலத் தொகை எவ்வளவு? ஒரு போகம் போனால் ஆயக்கட்டில் உள்ள அத்தனை ஏக்கரிலும் எத்தனை மூட்டை நெல் போச்சு? உங்கள் ஊருக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். ஐந்து ஏக்கர் நெல் ஏலத் தொகையைத் தாண்டுகிற ஊரும் உண்டு. ஊருக்கு நூறு ரூபாய் நஷ்டம் பண்ணிப் பஞ்சாயத்துக்குப் பத்து ரூபாய் வருமானம் காட்டுவது எந்த ஊர்க் கணக்கு?

"மீனவர் சங்கத்துக்குத்தானே கொடுக்கிறோம், அவர்களும் ஏழைகள்தானே" என்கிறார்கள். பல ஊரில் சங்கத்தின் பேர் மட்டும்தான் காகிதத்தில். காசு போட்டவர் வேறு ஆள். உண்மையாக வலை வீசுகிறவருக்குக் கிடைப்பது கூலி. ஏரிக்கரை இருளர் வீட்டுப் பிள்ளை ஒரு முழத் தூண்டில் போட்டு நாலு ஜிலேபி பிடித்தால் திருட்டு என்று விரட்டுகிறார்கள். நீலகிரியில் துரை தூண்டில் போட்டால் அதற்குச் சட்டப் பாதுகாப்பு. நம்ம ஏரியில் ஏழைப் பிள்ளை தூண்டில் போட்டால் முதுகில் அடி!

இன்னொரு விஷயம். இதைச் சொன்னால் நம்ம ஆட்கள் சிலரே முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஏரி உள்வாயை ஆக்கிரமித்துப் பயிர் வைத்திருக்கிறவர்களுக்கும் ஏரி ரொம்பக் கூடாது. கோடி போகிற அளவுக்குத் தண்ணி நின்றால் அவர் பயிர் முழுகும். குத்தகைதாரர் மதகைத் தூக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி நிற்கிறவர்கள் இவர்கள். சில ஊரில் ரெண்டு பேரும் ஒரே டீக்கடை பெஞ்சில்! சங்கத்தில் இருந்தாலும் சரி, சொந்தக்காரராக இருந்தாலும் சரி, உள்வாயில் பயிர் வைத்துக்கொண்டு ஆயக்கட்டுக்காகப் பேச முடியாது.

அதிகாரிகளிடம் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொல்லாத நாள் இல்லை. நீர்வளத்துறைக்குப் போனால் "மீன் எங்க சப்ஜெக்ட் இல்ல, மீன்வளத்துறைக்குப் போங்க." அங்கே போனால் "மதகு எங்க கன்ட்ரோல் இல்லையே." ஒன்றியத்துக்குப் போனால் "பஞ்சாயத்துத் தீர்மானம், நாங்க என்ன பண்றது?" நாலு ஆபீசுக்கு நடந்த செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். மனு கொடுத்தால் ரசீது தருகிறார்கள், அதில் மட்டும் குறை இல்லை. பௌர்ணமி வந்தால் அதிகாரிகள் எல்லாம் கிரிவல பந்தோபஸ்து. கார்த்திகை தீபம் வந்தால் ஒரு மாசம் யாரையும் பார்க்கவே முடியாது. லட்சக் கணக்கில் ஜனம் வருகிற திருவிழா, வேலை இருக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏரி ரொம்பிக் கலங்கலில் வலை கட்டுகிற மாசமும் அதே கார்த்திகைதானே! அண்ணாமலையாருக்கு மலை மேல் தீபம், ஏரிக்குக் கரை மேல் ஒரு ஆளாவது வேண்டாமா?

2020-ல் மத்திய அரசு பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் என்று 20,050 கோடி ரூபாய்க்கு அறிவித்தது. சொந்தக் குட்டை வெட்டி மீன் வளர்த்தால் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 60 சதவீதம் மானியம் என்றார்கள். நல்லது. மீன் வியாபாரம் பண்ணுகிறவர்கள் அப்படிச் சொந்தக் குட்டையில் பண்ணட்டும். யார் தடுத்தார்கள்? ஊர்ப் பொது ஏரியை மட்டும் சொந்தக் குட்டையாக ஆக்காதே என்கிறோம்!

நாம் கேட்பது இதுதான். எந்த ஏரிக் குத்தகை ஆணையாக இருந்தாலும் முதல் வரியில் "பாசனத்துக்கும் கால்நடைக்கும் முன்னுரிமை" என்று எழுத வேண்டும். மதகைத் திறப்பதும் அடைப்பதும் ஆயக்கட்டுதாரர் கூடி முடிவு பண்ணி நீர்க்கட்டி செய்ய வேண்டும். குத்தகைதாரர் மதகில் கை வைத்தால் அன்றே குத்தகை ரத்து. சித்திரை வைகாசிக்கு மாடு குடிக்கிற அளவு தண்ணி ஏரியில் நிற்க வேண்டும், இஞ்சின் வைத்து இறைக்கக் கூடாது. அந்தத் தண்ணி நின்றால் அடுத்த வருஷத்துக்கு விதை மீனும் தானாக நிற்கும், இது மீன்காரருக்கும் லாபம்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை கலங்கலிலும் கால்வாயிலும் வலையோ மூட்டையோ இருக்கக் கூடாது. ஆப்பிரிக்கன் கெளுத்தி விட்டவர் மேல் வழக்குப் போட வேண்டும். வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897-ம் வருஷத்து மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். அந்தச் சட்டமாவது இந்த மாவட்டத்தில் அமலில் இருக்கிறதா என்று சொல்லுங்கள். ஏலத் தொகையில் பாதி அதே ஏரியின் மதகுக்கும் கரைக்கும் வர வேண்டும். ஊர்க்காரர் தூண்டில் போட்டு, கையால் பிடித்து வீட்டுக்குக் கொண்டு போகிற மீனுக்கு யாரும் காசு கேட்கக் கூடாது. ஒரு வருஷ ஏலத்தை ஒழித்து, ஆயக்கட்டுதாரரும் நிஜமாக வலை வீசுகிற குடும்பங்களும் சேர்ந்த கூட்டுக்கு ஐந்து வருஷம் கொடுங்கள். ஏரி தன்னுடையது என்று தெரிந்தால் எவனும் கட்டை விரல் மீனை வாரமாட்டான். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் விளைச்சல் முடிந்து தண்ணி வத்தின பிறகு ஊர் கூடிக் கொடி வீசி, ஆயிரம் பேர் ஒன்றாக இறங்கி மீன் பிடித்து, வீட்டுக்கு வீடு குழம்பு வைக்கிறார்கள். அங்கே பயிருக்கு அப்புறம்தான் மீன். அந்த வழக்கத்தை யாரும் அரசாணை போட்டுக் கொண்டு வரவில்லை.

விவசாயிகளே! கோரிக்கை எழுதிக் கொடுத்து விட்டு வீட்டில் உட்கார்ந்தால் நடக்காது. ஒவ்வொரு ஊரிலும் இப்போதே செய்ய வேண்டியது: 2005-ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் ஏரிக் குத்தகை ஆணையின் நகலைக் கேளுங்கள். யார் பேரில், எத்தனை வருஷம், எவ்வளவு தொகை, என்ன நிபந்தனை, எல்லாம் அதில் இருக்கும். பாதிப் பேருக்கு நிபந்தனை என்று ஒன்று இருப்பதே தெரியாது. மார்ச் 22 தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. மதகைத் தூக்குகிற பங்குனி மாசமும் அதேதான். ஐம்பது பேராவது போய் உட்கார்ந்து, ஏரியை வடிக்கக் கூடாது என்று தீர்மானம் எழுத வையுங்கள். எழுதின நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போடுங்கள். படிக்கத் தெரியாதவர் பேரப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். மதகில் சாக்கு இருந்தால், கலங்கலில் வலை இருந்தால் செல்போனில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்ப்பு நாளன்று வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் முன்பாக ஆர்ப்பாட்டம். காலை 9 மணிக்கே கூடுகிறோம். செங்கம், தண்டராம்பட்டு, கீழ்பெண்ணாத்தூர், கலசபாக்கம், போளூர், ஆரணி, வந்தவாசி, செய்யாறு, எல்லாப் பக்கத்திலிருந்தும் வாருங்கள். காய்ந்த நவரைக் கதிர் ஒரு பிடி, ஏரியில் வெடித்த மண் ஒரு கட்டி, மதகில் எடுத்த சாக்கு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். மேசை மேல் வைத்துவிட்டுத்தான் பேசப் போகிறோம். மூணு துறை அதிகாரிகளையும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் உட்கார வைத்து, மதகு யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டோம். தண்ணி பாட்டிலும் கட்டுச் சோறும் கையோடு எடுத்து வாருங்கள், சாயந்திரம் ஆகலாம்.

மதகுச் சாவி ஆயக்கட்டுக்கே!
கலங்கலில் வலையை அகற்று!
மீன் காசு ஏரிக்கே!

அணி திரண்டு வாரீர்!